மூடிய கையும் பாடிய வாயும்: வீட்டுக்குள் ஆடும் ஊக விளையாட்டுகள்

ஐப்பசி மாதத்து அடைமழையிலோ சித்திரை வெயிலின் உச்சிப்பொழுதிலோ, வாசலுக்குப் போக வழியின்றிக் கூடத்துக்குள் அடைபட்ட குழந்தைகள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டும் பெரியவர்களை நச்சரித்துக்கொண்டும் இருக்கும் வேளையில், அவர்களை ஒரு மணி நேரம் குதூகலத்தோடும் கட்டுப்பாட்டோடும் உட்கார வைக்கக்கூடிய விளையாட்டுகள் நம் வீடுகளில் ஏராளமாக வழங்கிவந்தன. விலை கொடுத்து வாங்க வேண்டிய உபகரணம் எதுவும் அவற்றுக்குத் தேவையில்லை. ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, ஒரு தாம்பாளம் மணல், ஒரு துண்டுத் துணி, பாட்டியின் வாயிலிருந்து கேட்டறிந்த ஒரு பாட்டு ஆகியவை போதும்.

இவற்றை நடத்தப் புகும் பெற்றோரும் ஆசிரியரும் இரண்டு விஷயங்களை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே வசப்படும். முதலாவது, எதிரில் இருப்பவனுடைய கண்ணையும் கையையும் முகத்தையும் கூர்ந்து கவனித்துச் சொல்லுவதே ஊகம். வாய்க்கு வந்ததைச் சொல்லும் குழந்தையைக் கவனித்துச் சொல்லும் குழந்தையாக மாற்றுவதே இவ்விளையாட்டுகளின் பிரயோஜனம். இரண்டாவது, பாட்டு வெறும் அலங்காரமன்று. எப்போது ஒளிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது கண் திறக்க வேண்டும் என்று கணக்காக அறிவிக்கும் விதி அதுவே. பாட்டை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் நடத்தினால் சண்டை வரும்.

ஞா. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலில், ஆடவர்க்குரியவை, பெண்டிர்க்குரியவை, இருபாலார்க்கும் உரியவை என்றும், பகலில் ஆடுபவை, இரவில் ஆடுபவை என்றும் விளையாட்டுகளைப் பகுத்துக் காட்டியுள்ளார். இந்த அத்தியாயத்தில் ஆண் பெண் என்ற பேதமின்றிக் கூடத்திலோ திண்ணையிலோ எல்லாரும் சேர்ந்து ஆடத்தக்கவை மட்டுமே, சிறு குழந்தைக்குரியதில் தொடங்கிப் பெரியவர்க்குரியதில் முடியும் வரிசையில், சொல்லப்படுகின்றன.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

விளையாட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பாகச் செய்யும் ஏற்பாடு, பின்னர் வரக்கூடிய அபாயங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்க.

1. இடத்தை ஒழியுங்கள். எரியும் விளக்கு, ஊதுவத்தி, சூடான பாத்திரம், அரிவாள்மணை, கூர்முனையுள்ள மேஜை நாற்காலி ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். கிணற்றடிக் கதவையும் மாடிப்படிக் கதவையும் சாத்துங்கள்.

2. கொட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகக் கழுவி உலர்த்திய புளியங்கொட்டையோ சோழியோ உத்தமம். குன்றிமணியை எக்காரணத்தை முன்னிட்டும் விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள்; சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைக் கவரும் அந்த விதை கடிபட்டு வயிற்றுக்குள் போனால் கொடிய விஷம். ஒரு குழந்தை அதைக் கடித்ததாகச் சந்தேகம் தோன்றினாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. எண்ணி வையுங்கள். ஆட்டம் தொடங்கும்போது எத்தனை கொட்டைகள் இருந்தனவோ அத்தனையும் முடிவில் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகே எழுந்திருங்கள்.

4. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அறையில் இருந்தால், கொட்டை, சோழி, மணி முதலான சிறு பொருள்களை எடுக்கவே வேண்டாம். அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்கிலும் காதிலும் புகும். அப்படிப் புகுந்ததைக் குச்சியாலோ கொண்டையூசியாலோ நோண்டினால் இன்னும் உள்ளே போய்விடும்; வைத்தியரிடமே எடுக்கச் செய்க.

5. கண் கட்டும் துணி மெல்லிய பழம்பருத்தியாகவும், மூக்கை மறைக்காததாகவும், லேசாக இழுத்தால் அவிழ்வதாகவும் இருக்கட்டும். கயிறும் ரிப்பனும் ஆகா. பயப்படும் குழந்தைக்குக் கண் கட்டாமல், உங்கள் உள்ளங்கையால் பொத்தினால் போதும்.

6. குழந்தைகளின் விரல் நகங்களைப் பாருங்கள். வளர்ந்திருந்தால் வெட்டிவிட்ட பிறகே தொட்டு விளையாடும் ஆட்டங்களைத் தொடங்குங்கள்.

யார் முதலில்? உத்தி பிரித்தல்

ஆட்டத்தைத் தொடங்கும் முறையே ஓர் ஊக விளையாட்டாக அமைந்திருப்பது நம் மரபின் அழகு. இரண்டு கட்சியாகப் பிரிவதற்கு ‘உத்தி’ என்ற முறை உண்டு. ஆறு பேர் முதல் இதை நடத்தலாம்.

1. வயதிலும் சாமர்த்தியத்திலும் ஏறக்குறையச் சமமான இருவரைத் தலைவர்களாக நிறுத்துங்கள்.

2. மற்றவர்கள், தமக்குச் சமமானவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகச் சற்றுத் தள்ளிப் போகட்டும்.

3. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் இரகசியமாக இரண்டு பெயர் சூட்டிக்கொள்ளட்டும்: ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன், ஒருத்தி முல்லை, மற்றவள் தாமரை.

4. தோளில் கைபோட்டபடி வந்து, யார் எந்தப் பெயர் என்று காட்டிக்கொள்ளாமல், இரண்டு பெயர்களையும் சொல்லி எது வேண்டும் என்று தலைவரைக் கேட்கட்டும். தலைவர் கேட்ட பெயருக்குரியவர் அவர் கட்சிக்குப் போவார், மற்றவர் எதிர்க்கட்சிக்கு.

5. கேட்கும் முறையை இரண்டு தலைவர்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

*குறிப்பு:* பெரியவர் தாமே கட்சி பிரித்தால் ‘என்னை ஏன் அங்கே போட்டீர்கள்?’ என்ற மனத்தாங்கல் வரும். உத்தியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜோடி சேரும்போது கெட்டிக்காரன் ஒருவனும் சிறுவன் ஒருவனும் சேராதபடி பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை.

பருப்புக் கடைதல் (ஒரு வயது முதல் மூன்று வயது வரை)

மடியில் உட்காரும் குழந்தைக்குரிய இந்த விரல் விளையாட்டில் ஊகிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிச்சுகிச்சு எப்போது வரும் என்பது.

1. குழந்தையை எதிர்முகமாக மடியில் உட்கார்த்தி, அதன் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் முழங்கை முனையை அந்த உள்ளங்கையில் மிக லேசாக வைத்து, பருப்புக் கடைவதுபோல வட்டமாகச் சுழற்றுங்கள். உங்கள் வீட்டில் வழங்கும் பாட்டை இங்கேயே தொடங்க வேண்டும்.

3. கடைந்ததைச் சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரையில் ஒவ்வொரு விரலுக்கும் பங்கு வையுங்கள். விரல் ஒன்றுக்கு வீட்டு மனிதர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, பாப்பா என்ற உறவு வரிசையைக் குழந்தை இங்கேதான் முதன்முதலில் எண்ணிப் பழகுகிறது.

4. பிறகு உங்கள் இரண்டு விரல்களும் நண்டும் நரியுமாகி, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து தோளுக்கும் மெல்ல ஊர்ந்து ஏறட்டும்.

5. அக்குள் அருகே வந்ததும் ஒரு க்ஷணம் நிறுத்துங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பிறகே கிச்சுகிச்சு மூட்டுங்கள்.

*பிழையும் திருத்தமும்:* ஊர்வதை அவசரப்படுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. எதிர்பார்ப்பே இந்த ஆட்டத்தின் உயிர் என்பதால் நிதானமே பிரதானம். குழந்தை திமிறினாலோ முகம் சுளித்தாலோ அக்கணமே நிறுத்திவிட வேண்டும். சிரிப்பு வருவதாலேயே அதற்குச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது.

ஒற்றையா, இரட்டையா? (ஐந்து வயது முதல்)

இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை வேண்டும். எந்தக் கையில் பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் எளிய ஆட்டத்தை முதலில் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு, அதன்பின் இதற்கு வருவது சிலாக்கியம்.

1. ஒருவன் தன் கொட்டைகளை முதுகுக்குப் பின்னே கொண்டுபோய், தான் விரும்பிய அளவை ஒரு கையில் எடுத்து மூடிக்கொள்கிறான். ஒரு கொட்டையாவது இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை செய்துகொள்ளுங்கள்.

2. மூடிய கையை முன்னே நீட்டி, ஒற்றையா இரட்டையா என்று கேட்கிறான்.

3. எதிரி, கேட்டவனின் முகத்தைப் பார்த்தபின், ஒரே சொல்லில் விடை சொல்லுகிறான். சொன்னதை மாற்றக் கூடாது.

4. கையைத் திறந்து, கொட்டைகளை இரண்டிரண்டாகத் தரையில் வரிசை வைக்கிறார்கள். ஜோடியில்லாமல் ஒன்று மிஞ்சினால் ஒற்றை, மிஞ்சாவிட்டால் இரட்டை.

5. விடை சரியானால் அக்கொட்டைகள் சொன்னவனுக்கு. தவறானால் அதே எண்ணிக்கையை அவன் ஒளித்தவனுக்குத் தர வேண்டும்.

6. ஒளிக்கும் முறை மாறி மாறி வரட்டும். ஒருவனுடைய கொட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிவு.

*கவனிக்கக் கற்றுக்கொடுங்கள்:* நிறையக் கொட்டை பிடித்த கை உப்பித் தெரியும். விரல் இடுக்குகள் முழுதும் மூடா. குறைவாகப் பிடித்த கை இறுகும். ஒரு முறை ஒற்றை வைத்தவன் அடுத்த முறை என்ன வைக்கிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவனுடைய பழக்கம் சிறிது நேரத்தில் புலப்பட்டுவிடும். இதைக் குழந்தைக்கு உபதேசமாகச் சொல்லாமல், ‘போன தடவை என்ன வைத்தான்?’ என்ற ஒரே கேள்வியால் உணர்த்துங்கள்.

*எச்சரிக்கை:* ஜெயித்த கொட்டைகளைக் காசுக்கோ மிட்டாய்க்கோ மாற்ற இடம் கொடாதீர்கள். விளையாட்டு சூதாட்டமாகத் திரிவது அந்த இடத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லாக் கொட்டைகளும் பொதுப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பது வீட்டு விதியாகட்டும்.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் (ஆறு வயது முதல்)

ஆற்று மணலிலும் தெரு மணலிலும் ஆடிய இந்த ஆட்டத்தை, அகன்ற தாம்பாளத்தில் மணலைக் கொட்டித் திண்ணையிலோ கூடத்திலோ சௌகரியமாக ஆடலாம். நாயும் பூனையும் அசுத்தம் செய்த மணலாக இராதபடி பார்த்து எடுத்து, சல்லடையில் சலித்து, ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, லேசாக நீர் தெளித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் கரையாக நிற்காது. கீழே ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டால் பெருக்கும் வேலையும் மிச்சம்.

1. தாம்பாளத்தில் ஒரு முழ நீளமும் நான்கு விரல் உயரமுமாக மணலைக் கரைபோல் கூட்டுங்கள்.

2. ஒரு விரல் நீளமுள்ள சிறு துரும்பை ஒருவன் தன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, இரு கை விரல்களையும் கரைக்குள் நுழைத்து, முன்னும் பின்னும் நகர்த்துகிறான்.

3. பாட்டு நடக்கும் வரையில் நகர்த்தல் நடக்கும். பாட்டு முடிவதற்குள் துரும்பை எங்கேனும் ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கைகளை எடுத்துவிட வேண்டும். விட்ட இடத்திலேயே கை நின்றுவிடாமல், விட்ட பிறகும் இரண்டு மூன்று முறை நகர்த்துவதே ஒளிப்பவனின் சாதுரியம்.

4. எதிரி தன் இரு கை விரல்களையும் கோத்து, துரும்பு இருப்பதாகத் தான் கருதும் இடத்தைப் பொத்துகிறான். பொத்திய பிறகு இடம் மாற்றக் கூடாது.

5. அந்தக் கைகளுக்குக் கீழே துரும்பு அகப்பட்டால் அவன் ஜெயித்தான்; ஒளிக்கும் முறை அவனுக்கு வரும்.

6. அகப்படாவிட்டால், தோற்றவனின் இரு கைகளிலும் மணலை அள்ளிக் குவித்து, அதன் நடுவே துரும்பைச் செருகி, அவன் கண்களை ஒளித்தவன் பின்னாலிருந்து பொத்துகிறான். வீட்டுக்குள் சுற்றி வளைத்து நடத்திச் சென்று ஓரிடத்தில் மணலை வைக்கச் செய்து, வேறு வழியாகத் திரும்ப அழைத்து வருகிறான்.

7. கண் திறந்ததும், தான் வைத்த மணலைத் தோற்றவன் கண்டுபிடிக்க வேண்டும்.

*எச்சரிக்கை:* ஆறாவது படியில் படிக்கட்டு, வாசற்படி, சமையலறை, நீர் சிந்திய இடம் ஆகியவை கூடா. நடத்திச் செல்பவன் தள்ளக் கூடாது. முன்னே வாசற்படியோ சுவரோ வந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மணலைக் கண்ணில் படும்படி வீசுகிறவனுக்கு அன்றைக்கு ஆட்டம் இல்லை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்க.

*சிறு குறிப்பு:* நடந்த திருப்பங்களையும், காலுக்குக் கீழே தட்டுப்பட்ட பாயையும் சிமெண்டுத் தரையையும், அடுக்களை வாசனையையும் நினைவில் கோத்துக்கொள்ளும் குழந்தை, கண் திறந்த அளவில் இடத்தைக் கண்டுவிடும். தோற்ற பின்னரும் மீள ஒரு வழி வைத்திருப்பதால், இந்த ஆட்டத்தில் அழுகை அபூர்வம்.

பூப்பெயர் சொல்லி அழைத்தல் (எட்டுப் பேர் முதல்)

உத்தி பிரித்த இரண்டு கட்சிகளும் கூடத்தின் இரு பக்கத்திலும் வரிசையாக, முகம் பார்க்க உட்காரட்டும்.

1. ஒவ்வொரு தலைவரும் தம் கட்சியார் காதில் மட்டும் கேட்கும்படி ஆளுக்கொரு பூப்பெயர் வைக்கிறார்.

2. முதற்கட்சித் தலைவர் எதிர்க்கட்சிக்குப் போய், ஒருவருடைய கண்களைப் பின்னாலிருந்து இரு கைகளாலும் பொத்துகிறார்.

3. தம் கட்சியிலிருந்து ஒருவரைப் பூப்பெயரால் அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் ஓசையில்லாமல் வந்து, கண் பொத்தப்பட்டவரின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் தம் இடத்தில் போய் உட்காருகிறார்.

4. அந்தக் கட்சியார் எல்லாரும் ஒன்றுபோல் தலை குனிந்து கைதட்டத் தொடங்குகிறார்கள். அதன்பிறகே கண்ணைத் திறந்துவிட வேண்டும்.

5. தொட்டவர் யார் என்று ஒரே முறை சொல்லலாம். சரியானால் சொன்ன கட்சிக்கு ஒரு புள்ளி. தவறானால் தொட்ட கட்சிக்கு. பத்துப் புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி.

*பிழைகள்:* கண்ணைப் பொத்துகையில் விழிமேல் அழுத்துவது முதற்பிழை. உள்ளங்கையைக் குழித்து, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் கை படும்படி வைக்கச் சொல்லுங்கள். நெற்றியில் கிள்ளுவதும் குட்டுவதும் சில இடங்களில் உண்டு. அவற்றைத் தவிர்த்துத் தொடுவதோடு நிறுத்துங்கள். கைதட்டலைப் பிந்தித் தொடங்குபவனே தொட்டவன் என்பது சுலபமாக வெளிப்பட்டுவிடுமாதலால், தலைவர் கைகாட்டியதும் எல்லாரும் ஒரே சமயத்தில் தட்டப் பழக வேண்டும். ஒரு பூப்பெயரை இரண்டு சுற்றுக்குமேல் வைத்துக்கொண்டாலும் இரகசியம் போய்விடும்.

விடுகதை போடுதல் (ஏழு வயது முதல் எழுபது வரை)

தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பிசி’ என்று ஒரு வகையைச் சொல்லுகிறது, அது விடுகதையே. ஈழத்தில் நொடி என்று வழங்கும் இதற்கு விளக்கு மங்கிய வேளையும், படுத்துக்கொண்டே கேட்கும் செவிகளும் போதும்.

நடத்தும் வரிசை:

1. போடுபவர் விடுகதையை இரண்டு முறை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2. விடை தெரிந்தவர் உடனே கத்தாமல் கையை உயர்த்த வேண்டும். தெரியாதவர் யோசிக்க அவகாசம் வேண்டும்.

3. யாருக்கும் வராவிட்டால் ஒரு துப்பு: வீட்டிலா, காட்டிலா, வானத்திலா?

4. தெரியவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே விடை. விடையோடு, ஒவ்வொரு சொல்லும் எப்படிப் பொருந்துகிறது என்று விளக்குவது கட்டாயம்.

கேட்டவற்றைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல், புதிதாகக் கட்டவும் குழந்தைகளைப் பழக்குங்கள். முறை இது:

1. கண்முன் இருக்கும் ஒரு பொருளை எடுங்கள், உதாரணம், முறம்.

2. அது செய்யும் தொழில் இரண்டைச் சொல்லச் செய்யுங்கள்: தானியத்தைத் தங்கவிடும், உமியைப் பறக்கவிடும்.

3. பொருளை ஒரு மனிதராக மாற்றுங்கள், பெயரை மறைத்துவிடுங்கள்.

4. இரண்டு தொழிலையும் எதிரெதிராக நிறுத்துங்கள்: ‘நல்லதை மடியில் வைத்துக்கொள்வாள், அல்லதைக் காற்றோடு அனுப்புவாள். அவள் யார்?’

அதே முறையில் பாய்க்கு: ‘பகலெல்லாம் மூலையில் சுருண்டு நிற்பான், இரவெல்லாம் விரிந்து எல்லாரையும் சுமப்பான்.’ ஒருவருடைய நிறத்தையோ உடற்குறையையோ ஜாதியையோ சுட்டும் விடுகதைகளை, எவ்வளவு பழமையானவையாயினும், விலக்கிவிடுங்கள். விடைக்குப் பொருந்தும் வேறு ஒரு பதிலைக் குழந்தை காரணத்தோடு சொன்னால் அதையும் சரியென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாட்டைத் தேடி எடுத்தல்

மேற்சொன்ன ஆட்டங்களுக்குரிய பாட்டுகளின் சொற்கள் ஜில்லாவுக்கு ஜில்லா, தெருவுக்குத் தெரு மாறுபடுகின்றன. ஆகவே ஒரே பாடத்தை அச்சிட்டு எல்லார்மேலும் சுமத்துவதைவிட, அவரவர் வீட்டுப் பாட்டை அவரவரே எழுதி வைப்பதே நியாயம்.

1. வீட்டிலுள்ள முதியவரிடம் ‘பாட்டைச் சொல்லுங்கள்’ என்று கேட்காமல், பேரக் குழந்தையை அவர் மடியில் உட்கார்த்திக் கையை நீட்டச் சொல்லுங்கள். கை அசைந்தால் பாட்டு தானே வரும்.

2. கேட்டதைக் கேட்டபடியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல், பொருள் விளங்காத சொற்களையும் விடாமல் எழுதுங்கள்.

3. எந்தச் சொல்லில் கை என்ன செய்கிறது என்பதை ஓரத்தில் குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிற்பாடு படிப்பவர்க்குப் பாட்டு இருக்கும், ஆட்டம் இராது.

4. எந்த ஊர், யாரிடம் கேட்டது, எந்த ஆண்டு என்பவற்றைக் கீழே எழுதுங்கள்.

நடத்துபவர் செய்யும் பொதுப் பிழைகள்

1. வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தல். ஐந்து வயதுக் குழந்தையே அதைக் கண்டுகொள்ளும். ஆட்டத்தின் சுவை கெடும். எளிதாக ஒளித்து வையுங்கள், ஆனால் உண்மையாகவே ஆடுங்கள்.

2. நடுவில் விதியை மாற்றுதல். வழக்கில் பல விதி உண்டு. தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள்.

3. சலிப்பு வரும்வரை ஆடவிடுதல். குழந்தைகள் இன்னும் ஒரு முறை என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் தாமே கூடுவார்கள்.

4. பெரியவரே நிரந்தரத் தலைவராக இருத்தல். இரண்டு நாள் நடத்திக் காட்டிய பின்பு, மூத்த குழந்தையிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அபாயத்துக்கு மட்டும் கண் வைத்து ஓரமாக உட்காருங்கள்.

இவ்வளவையும் படித்து முடித்த நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று மாலை ஒற்றையா இரட்டையா மட்டும் ஆடுங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் வீட்டு முதியவரிடமிருந்து ஒரு பாட்டை எழுதி வாங்குங்கள். எழுதி வைத்த பாட்டை நாளைக்கும் படித்துக்கொள்ளலாம். அதைப் பாடும்போது கை போகும் விதத்தை அறிந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நம் கடமை.